மங்கல மொழியும் மழுப்பல் மொழியும்

எமது ஆலய ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆலய வரலாற்றைப் பற்றியோ திருவிழாக்களின் தத்துவத்தைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னிலும் தகுதியுடைய பெரியோர் ஊரில் உளர். நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். என் கைக்குப் பழக்கமானவை கோவைகளும் கடிதங்களும் அறிவித்தல்களுமே. ஆகவே எனக்குத் தெரிந்த பொருளாகிய சொற்களைப் பற்றியே எழுதுகிறேன். கடுமையான ஒன்றைச் சொல்லாமல் அதனிடத்தில் மென்மையான வேறொன்றைச் சொல்லும் எமது பழக்கம் அறமா, அன்றிப் பொய்யா என்ற கேள்வி சென்ற ஆண்டு ஆடி மாதத்திலிருந்து என் மனதை விட்டு அகலவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

சிறுவயதில் பள்ளிக்கூடம் புறப்படும்போது "நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டினால் அப்பாச்சி திரும்பக் கூப்பிடுவார். "என்ன சொன்னனீ? போட்டு வாறன் எண்டு சொல்லு" என்பார். சொன்ன பிறகுதான் கால் நகரலாம். வீட்டில் ஒருவருக்கு உடம்பில் கொப்புளம் போட்டால் நோயின் பெயரை எவரும் வாயெடுத்துச் சொல்லமாட்டார்கள். "அம்மாள் வந்திருக்கிறா" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நஞ்சுள்ள நாகத்தை நல்லபாம்பு என்றார்கள். ஒருவர் இறந்தால் "மோசம் போட்டார்" என்று ஊர் கதைக்கும். துண்டுப்பிரசுரத்தில் அவர் சிவபதமடைவார். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டில் அமரர் ஆவார். ஒரே சாவுக்கு வாய்க்கு ஒரு சொல், அச்சுக்கு ஒரு சொல்.

இவற்றை மூடநம்பிக்கை என்று இளவயதில் நானும் சிரித்ததுண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தச் சிரிப்பு நின்றது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பிப் புறப்பட்ட நாள் அது. என் தாயார் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படலையடியில் நின்று, ஆளில்லாத வீட்டைப் பார்த்து "போட்டு வாறம்" என்றார். பிறகு மழைக்குள் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி நடந்தோம். ஆறு மாதம் கழித்து நாங்கள் திரும்பி வந்தோம். எங்கள் ஒழுங்கையில் திரும்பி வராத வீடுகளும் இருந்தன. அவர்களும் அன்று அப்படித்தான் சொல்லிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். சொல் பலிக்கவில்லை என்பதற்காக அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எமது இலக்கணகாரர் இந்தப் பழக்கத்தை எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்து வைத்துவிட்டனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனைத் தகுதி வழக்கு என்கிறது. நாவலர் பெருமான் பதிப்பித்த நன்னூற் காண்டிகையுரையை வைத்துப் படித்த பெரியவர்கள் இன்றும் எமது ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பாடம். தகுதி வழக்கு மூன்று. மலசலம் கழித்ததைக் கால் கழுவி வந்தேன் என்பது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் குழூஉக்குறி.

இதைப் படித்த காலத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் எனக்குத் தோன்றின. பின்னாளில் யோசித்தபோதுதான் முதலிரண்டுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டது. இடக்கரும் மங்கலமும் கேட்பவருடைய காதுக்காகச் சொல்லப்படுவன. கேட்பவருக்கு விடயம் முழுவதும் தெரியும். அவர் கூசாமலிருக்க ஒரு திரை போடுகிறோம், அவ்வளவே. குழூஉக்குறியோ கேட்பவருக்கு விளங்கக்கூடாது என்பதற்காகவே சொல்லப்படுவது. நகை செய்விக்க வந்தவர் எதிரே இருக்கையில் தட்டார் தமக்குள் பேசிக்கொள்ளும் சொல் அது. மங்கலத்தின் உடுப்பை உடுத்துக்கொண்டு குழூஉக்குறியின் வேலையைச் செய்யும் சொற்களும் உண்டு என்பதை இலக்கணம் சொல்லவில்லை. அதை நான் கந்தோரில் கற்றேன்.

நான் சேவையில் சேர்ந்தபோது என் பதவியின் பெயர் எழுதுவினைஞர். எனக்கு முந்தியவர்கள் தம்மை இலிகிதர் என்றனர். ஊரவர் எல்லோரையும் கிளாக்கர் என்றனர். நான் ஓய்வு பெறுவதற்குள் முகாமைத்துவ உதவியாளர் என்றும், பின்னர் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்றும் இருதடவை பெயர் மாறிவிட்டது. மேசை மாறவில்லை. பியோன் சிற்றூழியராகி, அலுவலக உதவியாளரானார். 1963இல் விதானை முறை ஒழிக்கப்பட்டுக் கிராமசேவகர் வந்தார். அவர் கிராம அலுவலராகி எத்தனையோ வருடமாயிற்று. ஊர்ச்சனம் இன்றும் "விதானையார் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்கிறது. இவற்றாலே எவருக்கும் தீங்கில்லை. ஒரு மனிதன் தன் தொழிலின் பெயரைச் சொல்லக் கூசாமல் இருப்பது நல்லதுதான்.

கந்தோரின் மற்றச் சொற்கள்தான் வேறு வகை. "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோவை மற்றக் கோவைகளுக்குக் கீழே கிடக்கிறது என்று பொருள். "ஆவன செய்யப்படும்" என்றால் ஒன்றும் செய்யப்படமாட்டாது. "தங்கள் விண்ணப்பம் கவனத்திற் கொள்ளப்பட்டது" என்றால் வாசித்தோம், வைத்துவிட்டோம். இந்தச் செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். செய்யப்பட்டது, மறுக்கப்பட்டது, தவறவிடப்பட்டது. செய்தவன், மறுத்தவன், தவறவிட்டவன் யார் என்பது வசனத்தில் எங்கும் இராது. இப்படியான வசனங்களை நான் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். "இல்லை" என்ற மூன்றெழுத்தைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் பஸ்ஸுக்குக் காசு செலவழித்து நாலு தடவை வந்து போயிருக்கமாட்டார்.

எண்பதுகளில் நான் வேலை செய்த கந்தோர் ஒன்றில் மலசலகூடம் துப்புரவு செய்ய ஒருவர் இருந்தார். அவரை முன்னர் எவ்வாறு அழைத்தார்கள் என்பதை இம்மலரில் அச்சிட விரும்பவில்லை. பின்னர் அவருக்குச் சுகாதாரத் தொழிலாளி என்ற பெயர் வந்தது. அவருடைய லீவுக் கடிதங்களில் நானே "திரு." போட்டுத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். தேநீர் வேளையில் எங்கள் எல்லோருடைய கோப்பைகளும் மேசைக்கு வரும். அவருடைய கிளாஸ் மட்டும் பின்பக்க யன்னற் கட்டில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். தன் கிளாஸை அவர் தானே கழுவுவார். மூன்று வருடம் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தில் மரியாதையாகத்தானே எழுதுகிறோம் என்று என் மனம் சமாதானம் சொன்னது. இந்தியாவில் காந்தியடிகள் 1930களில் தாழ்த்தப்பட்ட மக்களைக் கடவுளின் மக்கள் என்ற பொருளில் ஹரிஜனர் என்று அழைத்தார். நல்ல மனதோடு சொன்ன சொல்தான். ஆனால் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று புத்தகம் படித்து விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. அந்த யன்னற் கட்டு போதும்.

பெயரை மாற்றுவதால் பயனேயில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழை. எமது ஊரில் கால் ஊனமானவரை நொண்டியர் என்றும், காது கேளாதவரைச் செவிடர் என்றும் சொல்லிவந்தோம். வசைக்கு மரியாதை விகுதி சேர்க்கும் திறமை எமக்கே உரியது போலும். பின்பு அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம். இப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த மாற்றுத்திறனாளி என்ற சொல் எங்கும் வழங்குகிறது. பத்து வருடத்துக்கு ஒருதடவை சொல்லை மாற்றுகிறார்கள் என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்று ஒருவர் பின்னால் "நொண்டி" என்று கத்திக்கொண்டு ஓடுவது அருகிவிட்டது. போரிலே கைகால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் மண்ணில் அது சிறிய காரியமன்று.

எமது அன்னதான மடத்து அறிவித்தலிலும் "மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை" என்று எழுதியிருந்தோம். மடத்துக்கு ஏற ஐந்து படி. இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்க இந்நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி இருக்கவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதியும் வந்தது. கந்தோரில் இருந்த எனக்கு இவை தெரியாதவையல்ல. பொய்க்கால் பூட்டிய ஒருவரிடம், உங்களை எப்படிக் குறிப்பிட்டால் நல்லது என்று ஒருநாள் கேட்டேன். "அம்மா அப்பா வைச்ச பேர் ஒண்டு இருக்குத்தானே, அண்ணை. அதைச் சொல்லுங்கோ. படியிலை மட்டும் ஒரு கைபிடி போட்டுவிட்டியள் எண்டால் புண்ணியம்" என்றார். கைபிடி போட்டாயிற்று. சாய்வுப்பாதை இன்னும் போடவில்லை. அதற்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதலாம். உண்மை என்னவென்றால் இன்னும் சேர்க்கத் தொடங்கவில்லை.

போர்க்காலம் எமக்குத் தந்த சொற்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. முப்பது ஆண்டுப் போரை நாங்கள் "பிரச்சினை" என்றோம். "பிரச்சினைக்கு முந்திக் கட்டின வீடு" என்றால் எவருக்கும் விளங்கும். இது எங்கள் வாயில் தானாக வந்த சொல்; சொல்லக் கூசியதும் பயமும் சேர்ந்து பிறந்தது. ஆனால் அகதி முகாமுக்கு நலன்புரி நிலையம் என்ற பெயரை நாங்கள் வைக்கவில்லை. 2009இல் வன்னியிலிருந்து வந்த மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்களுள் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக்பாமில் வைக்கப்பட்டனர். அங்கிருந்த பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரியோரின் பெயர்கள் சூட்டப்பட்டு, அவை நிவாரணக் கிராமங்கள் எனப்பட்டன. கிராமம் என்றால் மனிதர் விரும்பியபடி போய்வரும் இடம். அங்கே சுற்றிவர முட்கம்பி இருந்தது. அவ்வாண்டு டிசெம்பர் வரை விரும்பியபடி வெளியே போக முடியாதிருந்தது. 2012 செப்ரெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது.

அதிலும் கனமானது "காணாமல் போனோர்" என்ற சொல். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை காணாமல் போகும். சங்கிலி காணாமல் போகும். போனது என்றால் தானாகப் போனது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் காணாமற்போன ஆட்கள் என்றே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் தொடங்கிய போராட்டத்தில் அவர்கள் "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்" என்ற சொல்லையே எழுதிப் பிடித்தனர். அவர்களுட் பலர் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். ஆனால் தன்வினையை அவர்கள் ஏற்கவில்லை. கந்தோரில் நாங்கள் செய்தவனை ஒளிப்பதற்குப் பயன்படுத்திய அதே செயப்பாட்டு வினையை, செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுவதற்கு அந்தத் தாய்மார் பயன்படுத்தினார்கள். ஒரு பழைய எழுதுவினைஞன் என்ற முறையில் இதைக் கண்டு நான் தலைகுனிந்தேன்.

இனி, ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

எமது ஆலயத்தில் ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நடைபெறும் திருவிளக்குப் பூசையை அடியார்கள் அறிவர். அதற்கான அறிவித்தலைப் பல ஆண்டுகளாக நானே எழுதி வருகிறேன். "திருவிளக்குப் பூசையிற் பங்குபற்ற விரும்பும் சுமங்கலிப் பெண்கள் முற்கூட்டியே தமது பெயர்களைப் பதிவு செய்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டப்படுகின்றனர்." இதுதான் வாசகம். எனக்கு முந்திய செயலாளர் எழுதியதைப் பார்த்து எழுதியது. சுமங்கலி என்பது எவ்வளவு மங்கலமான சொல்! ஒருவரையும் வரவேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. விதவை என்ற சொல் அறிவித்தலில் எங்கும் இல்லை.

சென்ற ஆண்டு பதிவுக்கு வந்தவர்களுள் ஒரு பெண். வன்னியில் வாழ்ந்து, 2010இல் இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அவருடைய கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இல்லை என்றால் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இறந்தார் என்று சொல்ல எவரும் பார்க்கவில்லை. "அவர் தானாப் போகேல்லை, மாமா. நான் பக்கத்திலை நிக்கத்தான் கூட்டிக்கொண்டு போனவை" என்று முன்பொருமுறை சொல்லியிருக்கிறார். நெற்றியில் குங்குமம் வைப்பார். மகன் வளர்ந்து, கூட்டாளிப் பொடியள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவதைக் கண்டு, தானும் விரதம் பிடிக்கவேண்டுமா என்று கேட்டானாம். "இருக்கிற மனிசனுக்கு ஆரும் விரதம் பிடிப்பினமோ" என்று மறித்துவிட்டார். ஊரில் சிலருக்கு அவருடைய குங்குமம் உறுத்தல். வேறு சிலர் அவருக்காக இரங்கி "பாவம்" என்பர். இந்தப் "பாவம்" என்ற சொல்லும் சிலவேளை தள்ளிவைக்கும் சொல்தான்.

அவர் அறிவித்தலை வாசித்துவிட்டு, பற்றுச்சீட்டு எழுதும் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்: "நான் வரலாமோ, மாமா?"

ஓம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருடப் பழக்கம் வாயில் வந்து நின்றது. "பாப்பம் பிள்ளை. சபையிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். என் குரல் மிக அன்பாக இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று கந்தோரில் எழுதியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்த காசை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு போனார். சபையில் நான் கதைக்கவில்லை. பூசையன்று நூற்றுக்கு மேற்பட்ட விளக்குகள் எரிந்தன. அவர் வரவில்லை. எவரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை.

வாய்மை என்ற அதிகாரத்தில் திருவள்ளுவர், பிறருக்குச் சற்றும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். என்னைப் போன்றோர் இந்த இரண்டாவதைத்தான் இறுகப் பிடித்துக்கொள்வோம். மென்மையாகச் சொன்னேன், மனம் நோகவில்லை, ஆகவே அறம் என்போம். ஆனால் நன்மை யாருக்கு என்று கேட்கவேண்டும். அந்தப் பெண்ணுக்கு என் "பாப்பம்" என்ன நன்மை செய்தது? எனக்குத்தான் நன்மை. "நீர் வரக்கூடாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் சங்கடத்திலிருந்து அது என்னைக் காப்பாற்றியது. அப்பாச்சியின் "போட்டு வாறன்" போகிறவனைக் காக்கும் சொல். என் சொல் இருக்கிறவனைக் காத்தது. அதற்கு அடுத்த குறளிலேயே, நெஞ்சறிந்து சொன்ன பொய்யை அந்த நெஞ்சே சுடும் என்று வைத்திருக்கிறார். அதையும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம்.

இன்னொன்றும் என்னை வருத்தியது. போரில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிந்து மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பல பெண்கள் அதை எடுக்க மறுத்தார்கள். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழ் வழங்க வழிசெய்யப்பட்டது. அதிலும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. அது வேறு கதை. ஆயினும் உயிரோடு இருக்கிறார், இறந்தார் என்ற இரண்டுக்கும் நடுவே ஓரிடம் உண்டு என்று சட்டப்புத்தகம்கூட ஒத்துக்கொண்டது. எங்கள் அறிவித்தலில் அந்த இடம் இருக்கவில்லை.

இவ்வாண்டு ஆனி மாதப் பரிபாலன சபைக் கூட்டத்தில் இதை எடுத்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே எதிர்த்தார். சுமங்கலி என்பது அம்பாளுக்கே உரிய கோலம். அந்தச் சொல்லை எடுத்தால் பூசையின் மங்கலமே போய்விடும் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஊரில் அதிக செத்தவீடுகளுக்கு முதலில் போய் நிற்பவர் அவர்தான். இளைஞர் ஒருவர், அறிவித்தலை மாற்றாமல் அப்படியான பெண்களின் வீடுகளுக்குப் போய் இரகசியமாக வரச்சொல்லலாம் என்றார். இரகசியமாக அழைக்கப்படுவதும் ஒருவகைத் தள்ளிவைப்பு என்று நான் சொன்னேன். மாதர் சங்கத்திலிருந்து வந்த அம்மையார் அதுவரை பேசாதிருந்தவர், "அப்ப புருசன் செத்தவையள்?" என்று கேட்டார். கூட்டம் சற்றுநேரம் அமைதியாக இருந்தது. நான் காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரோடு நிற்பாட்டலாம் என்றே நினைத்து வந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவருடைய கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. குருக்கள் ஐயாவிடம் கேட்டோம். "விளக்குக்கு முன்னாலை இருக்கிறவ ஆர் எண்டு அம்பாளுக்குத் தெரியும். அறிவித்தல் எழுதுறது உங்கடை வேலை" என்றார். ஐயாவும் கந்தோரில் வேலை செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"பெண் அடியார்கள்" என்று மாற்றப் பெரும்பான்மை இணங்கியது. இருவர் தம் மறுப்பைப் பதிவு செய்தனர். கூட்ட அறிக்கையில் "சில காரணங்களை முன்னிட்டு அறிவித்தலில் மாற்றம் செய்யப்பட்டது" என்று எழுதினால் போதும் என்று மூத்தவர் கேட்டுக்கொண்டார். அவருடைய வயதுக்கு நான் மறுத்துப் பேசியது குறைவு. அறிக்கையில், கணவரை இழந்த பெண்களும் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களும் இதுவரை இப்பூசையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள் என்றும், இனி விலக்கில்லை என்றும் எழுதினேன். வாசித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் இம்முறை பூசைக்குப் பதியவில்லை. வேறும் சிலர் பதியவில்லை.

பதிவு தொடங்கி மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தார். சென்ற ஆண்டு கேட்டதை இம்முறை கேட்கவில்லை. அறிவித்தற் பலகையில் கொஞ்சநேரம் நின்று வாசித்துவிட்டு வந்து காசை மேசையில் வைத்தார். பெயரும் நட்சத்திரமும் கேட்டேன். தன்னுடையதையும், பிறகு கணவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். எங்கள் பற்றுச்சீட்டில் குறிப்பு என்று ஒரு சிறிய இடம் உண்டு. அதில் "அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக" என்று எழுதி எழுதி என் கை பழகியது. பேனையை அதில் வைக்காமல் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் முழுவதும் வாசித்துப் பார்த்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"விளக்கு நாங்களோ கொண்டு வாறது, மாமா?"

"ஓம் பிள்ளை. எண்ணெயும் திரியும் கோயில் தரும்" என்றேன்.